பூச்சிப் படப்புத்தகங்கள்: நம் பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்த்த பூச்சி அவற்றில் இருக்கிறதா?

அம்பை வாசிப்பறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், எங்கள் வீட்டுத் தார்சாவில், சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டி வருகிறேன். நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். வயல் வேலையும் பீடி சுற்றுதலுமே பிழைப்பாக உள்ள வீடுகளிலிருந்து வருபவர்கள் அவர்களில் மிகுதி.

சென்ற மாதம் எறும்பைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தை விரித்தேன். ஒரு பக்கம் முழுவதும் ஒரே எறும்பு. தலைக்கு ஓர் உருண்டை, உடலுக்கு ஓர் உருண்டை, அந்த உடலுருண்டையிலிருந்து பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள். முன்வரிசையில் இருந்த ஆறு வயதுச் சிறுமி எழுந்து வந்து, படத்தின் மேல் விரலை வைத்து, "யக்கா, எறும்புக்குக் கால் வயித்துலயா மொளச்சிருக்கு?" என்று கேட்டாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அப்படிச் சொன்னது அன்று இரவு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு கட்டெறும்பைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு எடுத்து வந்தாள். சன்னல் வெளிச்சத்தில் புட்டியைத் தூக்கிப் பிடித்து எல்லாரும் மாறி மாறிப் பார்த்தோம். தலை, அதை அடுத்து ஒடுங்கிய நடுவுடல், நூலாய் இறுகிய இடை, அதற்கப்பால் பளபளக்கும் வயிறு. ஆறு கால்களும் நடுவுடலின் அடியிலிருந்தே புறப்பட்டன. வயிற்றில் ஒரு கால்கூட இல்லை. சிறுமி கேட்ட கேள்வி சரியானது, புத்தகம் தவறானது.

பிறகு அலமாரியில் இருந்த பூச்சிப் புத்தகங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றில் சிலந்திக்கு ஆறு கால்கள். இன்னொன்றில் பட்டாம்பூச்சியின் இறக்கைகள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேனீ வரும் புத்தகங்கள் எல்லாவற்றிலும் கவிழ்த்த குடுவை போன்ற மஞ்சள் கூடு ஒன்று கிளையில் தொங்குகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ மேல்நிலைத் தொட்டியின் அடியில் மலைத்தேனீ கட்டிய ஒற்றை அடையை அன்றாடம் அண்ணாந்து பார்க்கிறவர்கள். வேலியில் கொம்புத்தேன் எடுத்துத் தின்றவர்கள். பொந்துத்தேனீயையும் கொசுத்தேனீயையும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள். அந்த மஞ்சள் குடுவையை அவர்களில் எவரும் தேன்கூடு என்று சொல்லவில்லை. ஒரு பையன் அதைப் பானை என்றான்.

வாசிக்கத் தொடங்கும் வயதில், தன் கண் பார்த்தது ஒன்றாகவும் புத்தகம் காட்டுவது வேறாகவும் இருந்தால் பிள்ளை எதை நம்பும்? தன் கண்ணைத்தான் சந்தேகிக்கும் என்று அஞ்சுகிறேன். நம் பக்கத்துப் பூச்சிகளை, அவை இருக்கிறபடியே காட்டும் தமிழ்ப் படப்புத்தகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது குறித்து உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

பாளை தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் படப்புத்தகம் என்பது விலங்கியல் பாடநூல் அன்று என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். உலகெங்கும் பிள்ளைகள் படித்த பூச்சிப் புத்தகங்களில் முதலில் நிற்பது எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட பசித்த புழுவின் கதை. அதில் புழு கேக்கையும் ஐஸ்கிரீமையும் துளைத்துத் தின்கிறது. உலகத்தில் எந்தப் புழுவும் அப்படித் தின்பதில்லை என்று எந்தப் பிள்ளையும் வருந்தியதில்லை; பக்கத்தில் இருக்கும் ஓட்டைக்குள் விரலை விட்டு மகிழ்ந்தார்கள். கற்பனைக்குக் கணக்குக் கேட்டால் கதை செத்துவிடும்.

அறிவியலுக்கு மாறாகச் சொல்ல வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பூச்சியைக் கூர்ந்து பார்க்கும் மரபு நமக்கு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது, சிதலுக்கும் எறும்புக்கும் தொடுதல், சுவை, முகர்தல் ஆகிய மூன்றறிவையே தருகிறது. நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையையும் சேர்த்து நான்கறிவு தருகிறது. சிதல் என்பது கறையான். புற்றுக்குள் உழைக்கும் கறையான்கள் பெரும்பாலும் கண்ணற்றவை என்று இன்றைய பூச்சியியலும் சொல்கிறது. புற்றை உடைத்துப் பார்த்து, அவை வெளிச்சத்தில் தடுமாறுவதைக் கவனித்த ஒருவர்தாம் அப்படி வகுத்திருக்க முடியும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

தென்காசி ஓவியர் எழுதியது:

நான் இருபது ஆண்டுகளாகச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவன். இந்தத் தவறுகளில் பலவற்றை நானும் செய்திருக்கிறேன். அவை எங்கிருந்து வருகின்றன என்று சொல்வது என் கடமை.

பதிப்பகத்திலிருந்து கதை வரும். பத்து நாளில் பதினாறு பக்கம் கேட்பார்கள். ஓவியர் இணையத்தில் எறும்பு என்று தேடுவார். கிடைப்பது வேறொருவர் வரைந்த கேலிச்சித்திரம். அதைப் பார்த்து இவர் வரைவார், இவரைப் பார்த்து அடுத்தவர் வரைவார். ஒருவரும் எறும்பைப் பார்ப்பதில்லை. மஞ்சள் குடுவைக் கூடும் அப்படி வந்ததுதான். ஐரோப்பாவில் வைக்கோலைத் திரித்துச் செய்து தேனீ வளர்த்த கூடையின் வடிவம் அது. படத்திலிருந்து படத்துக்குத் தாவி நம் புளியமரக் கிளையில் வந்து தொங்குகிறது.

ஆசிரியர் ஐயா கற்பனையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புழு கேக் தின்பது வேறு, எறும்பின் கால் வயிற்றில் இருப்பது வேறு. முதலாவது கற்பனை என்று பிள்ளைக்குத் தெரியும். இரண்டாவது பிழை, அதைப் பிழை என்று பிள்ளைக்குச் சொல்ல அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. நீங்கள் குறிப்பிட்ட அதே புத்தகத்தில் புழு தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு அதைத் துளைத்துப் பட்டாம்பூச்சியாய் வெளிவருகிறது. நூலால் கூடு நெய்வது பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகளின் வழக்கம். பட்டாம்பூச்சிப் புழுக்கள் பொதுவாகத் தோலை உரித்துவிட்டு, உறையோடு வெறுமனே தொங்கும். கேக்கை எவரும் நம்பவில்லை. கூட்டை உலகமே நம்பிவிட்டது.

பூச்சியை வரைவதில் எனக்கு ஆசான் மரியா சிபில்லா மேரியன். 1647-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். 1699-இல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறி, அங்கே புழுக்களை வளர்த்துப் பார்த்து வரைந்து, 1705-இல் நூலாக வெளியிட்டார். முட்டையும் புழுவும் உறையும் பூச்சியும், அவை தின்னும் செடியும் ஒரே படத்தில் இருக்கும். செடியில்லாமல் பூச்சி இல்லை என்பதை ஓவியத்தில் அவர் காட்டிவிட்டார். நம் புத்தகங்களில் பட்டாம்பூச்சி பெயரில்லாத ஒரு பூவின் மேல் பறக்கிறது. எலுமிச்சை அழகி என்னும் பட்டாம்பூச்சியை வரைய வேண்டுமானால் அதன் கீழே புளியங்குடி எலுமிச்சையின் இலை இருக்க வேண்டும். கறிவேப்பிலையாகவும் இருக்கலாம். அதன் இளம்புழு பறவை எச்சம் போல இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபட்ட ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தை வீசும். இதைவிடப் பெரிய கதை எந்தக் கற்பனையில் இருக்கிறது?

திசையன்விளை தாய் எழுதியது:

நான் எழுத்தாளரும் அல்லள், ஓவியரும் அல்லள். இரண்டு பிள்ளைகளின் தாய் என்ற முறையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

என் இளைய மகனுக்கு நான்கு வயதானபோது ஒரு படப்புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். முடி அடர்ந்த ஒரு புழு சிரித்துக்கொண்டே வந்து, என்னைத் தடவிப் பார், நான் உன் தோழன் என்று சொல்லும். அவனுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். மழைக்காலத்தில் கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பியிருந்தது. எங்கள் மாமியார் பந்தம் கட்டி எரிப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த அந்தச் சிறிது நேரத்தில், இவன் போய் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டான். கையும் கழுத்தும் தடித்துச் சிவந்து, இரவெல்லாம் அழுதான். முடியெல்லாம் தோலில் தைத்திருந்தது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். பூச்சியைக் கண்டு அஞ்சக் கூடாது என்பதே அவர் கருத்தாக இருந்திருக்கும். ஆனால் எதைத் தொடலாம், எதைப் பார்த்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்று அவர் சொல்லாமல் விட்டதை என் மகன் தன் தோலில் கற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு வருடம் வண்ணத்துப்பூச்சியைக் கண்டாலும் ஓடினான்.

பாளை தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, படித்ததும் மனம் வருந்தியது. பிள்ளை இப்போது நலமாக இருப்பான் என்று நம்புகிறேன். ஓவியர் வகுத்த வேறுபாட்டையும் நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். என் முதல் பதிவில் இரண்டையும் கலந்துவிட்டேன்.

மொழி தொடர்பாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் எறும்பு வந்தது, தேனீ பறந்தது என்று அஃறிணையில் சொன்னால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆனால் கதைக்குள் வந்ததும் எறும்பு அண்ணனாகவும் தேனீ மாமாவாகவும் மாறிவிடுகின்றன. கூட்டில் உழைக்கும் தேனீ அத்தனையும் பெண். தீனி சுமந்து வரிசையில் போகும் எறும்பும் பெண்ணே. நம்மைக் கடிக்கும் கொசுவும் பெண்தான். உழைக்கிறவனை அண்ணன் என்று எழுதிப் பழகிய கை அப்படி எழுதிவிடுகிறது. எறும்பக்கா என்று எழுதினால் கதைக்கும் குறைவில்லை, உண்மைக்கும் குறைவில்லை.

அடுத்தது பெயர். நம் பக்கத்தில் தட்டான் என்று சொல்வதைப் புத்தகங்கள் தும்பி என்று அச்சிடுகின்றன. தட்டானுக்குத் தும்பி என்ற பெயர் இன்று அகராதியில் இருப்பது உண்மையே. ஆனால் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் விளித்துக் கேட்கும் தும்பி, பூந்தாதைத் தேடி உண்ணும் வண்டினம். கொசுவை வேட்டையாடும் தட்டான் அன்று. பிள்ளை ஓடைக்கரையில் வாலைப் பிடித்த பூச்சி தட்டானாகவே புத்தகத்திலும் இருக்கட்டும். ஒல்லியானது ஊசித்தட்டான். பொதுப்பெயரைத் திணித்து ஊர்ப்பெயரை அழிப்பது எனக்கு உடன்பாடன்று.

தேரிக்காட்டு வாசகர் எழுதியது:

ஊர்ப்பெயரே போதும் என்று ஆசிரியர் சொல்வதில் ஒரு சிக்கலையும் பார்க்க வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரியில் முதல் மழை பெய்த மறுநாள் காலையில், குங்குமத்தைச் சிந்தியது போல வெல்வெட்டுத் தோல் போர்த்த சிறு உயிர்கள் ஊர்ந்து திரியும். நாங்கள் அதைப் பட்டுப்பூச்சி என்போம். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுவே. பட்டு நூல் தரும் பட்டுப்பூச்சியோ வேறு. ஒரு சிறுவர் நூலில் நம் பட்டுப்பூச்சியின் கதையை எழுதி, அதற்குப் பட்டு நெய்யும் அந்துப்பூச்சியின் படத்தைப் போட்டிருந்ததைக் கண்டேன்.

மேலும் அது பூச்சியே அன்று. எட்டுக் கால் உடையது, சிலந்தியின் உறவு. உள்ளங்கையில் வைத்தால் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சற்றுப் பொறுத்தால் ஒவ்வொன்றாக நீட்டும், அப்போது எண்ணலாம். பிள்ளைகள் எண்ணட்டும். ஊர்ப்பெயர் முன்னே இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு எட்டுக் காலின் உறவைச் சொல்லட்டும். ரயில் பூச்சி என்று நாம் சொல்லும் மரவட்டைக்கும் இதே முறை பொருந்தும்.

அம்பை வாசிப்பறை எழுதியது:

பதிவிட்ட எல்லாருக்கும் நன்றி. எனக்கு இன்னும் தெளிவு கிடைக்காத ஓர் இடம் குளவி. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நாம் கேட்டு வளர்ந்த சொல். குருவின் அருளால் சீடன் மாறுவதற்கு உவமையாகவும் அதைச் சொல்வார்கள். வாசிப்பறையில் இருக்கும் ஒரு பழைய சிறுவர் நூல் அதையே கதையாகச் சொல்கிறது. குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து மண்கூட்டுக்குள் வைத்து, அன்போடு கொட்டிக் கொட்டித் தன்னைப் போல ஆக்குகிறது.

நடப்பது வேறு. பானை போல உருண்டையாக மண்கூடு கட்டும் குளவி, புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கி உள்ளே அடைக்கிறது. சுவரில் குழல் குழலாகப் பூசும் இன்னொரு வகை சிலந்திகளை அடைக்கிறது. தன் முட்டையையும் உள்ளே இட்டு வாயை மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, உயிரோடு கிடக்கும் அந்த இரையைத் தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்து வெளியேறுகிறது. புழு போன கூட்டிலிருந்து குளவி வந்ததைப் பார்த்த முன்னோர், ஒன்று மற்றொன்றாக மாறியது என்று எண்ணியது இயல்பே.

இதை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் படமாகக் காட்டலாமா? அந்தக் குஞ்சு தின்னும் பக்கத்தை வரையலாமா? பிள்ளைகளுக்குக் கொடுமையாகப் படுமே என்று தயங்குகிறேன்.

களக்காட்டு ஆச்சி எழுதியது:

இந்த விவாதத்தை என் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

வீட்டுச் சுவரில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் காலத்தில் சொல்வோம். அதனால் எவரும் அதைத் தட்டிவிட மாட்டோம். ஆனால் என் மகன் சிறுவனாக இருந்தபோது காலியான கூடு என்று எண்ணி ஒன்றைப் பெயர்த்துவிட்டான். உள்ளே பச்சைப் புழு ஐந்தாறு சுருண்டு கிடந்தன. ஒரு மூலையில் வெள்ளையாய்ச் சிறு குஞ்சு. அவன் அழவில்லை. குளவி தன் பிள்ளைக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்றான். கோழிக்குஞ்சைப் பருந்து தூக்குவதை முற்றத்தில் நின்று பார்க்கிற பிள்ளைகள் அம்மா, அவர்களுக்குத் தாங்கும். கட்டுச்சோறு என்று சொல்லி வரையுங்கள். பொய் சொல்லாமலும் இருக்கலாம், பயமுறுத்தாமலும் இருக்கலாம்.

சிவகாசி அச்சுக்காரர் எழுதியது:

ஆச்சி சொன்ன கட்டுச்சோற்றை எவரேனும் புத்தகமாக்கினால் நான் அச்சிட்டுத் தர ஆசைப்படுகிறேன்.

அச்சு தொடர்பாக இரண்டு செய்திகள். பெரிய தாளை இருபுறமும் அச்சிட்டு மடிப்பதால் பக்கங்கள் பதினாறு, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு என்றுதான் வசதியாக அமையும். முதற்பக்கமும் பதிப்புக் குறிப்பும் போனால் பதினாறில் கதைக்குக் கிடைப்பது பதின்மூன்றோ பதினான்கோதான். ஆகவே கதையை எழுதும்போதே பக்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று நிறம். பொன்வண்டை அட்டையில் போட வேண்டும் என்று கேட்டு வந்த ஒருவருக்கு நான்கு முறை மாதிரி எடுத்துக் கொடுத்தும் அவருக்கு நிறைவில்லை. அந்தப் பச்சை சாயத்தால் வந்த பச்சை அன்று. இறக்கை ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது நிறம் மாறுகிறது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கலந்து அதைக் கொண்டுவர இயலாது. முடிவில் ஓவியர் வண்டைப் பாதி திறந்த தீப்பெட்டிக்குள் நிழலில் வரைந்து, முதுகில் ஒரே ஒரு கீற்று வெளிச்சம் விட்டார். பக்கத்தில் உடைமரத்தின் இலைக்கொத்து. பார்த்தவர்கள் எல்லாரும் பொன்வண்டு என்று உடனே சொன்னார்கள்.

அம்பை வாசிப்பறை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். குளவிக்கு முன்னால், எளிதான ஒன்றில் கை பழகலாம் என்று, எருக்கஞ்செடியில் வாழும் வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியைப் பிள்ளைகளும் நானும் பின்தொடர்ந்தோம். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைச் செய்யலாம் என்று முதலில் எண்ணினேன். அது மலைக்காட்டுப் பூச்சி. எங்கள் பிள்ளைகள் எவரும் பார்த்ததில்லை. எருக்கோ வாசலைத் தாண்டினால் இருக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு என்பதால் இலையை நான் மட்டுமே தொடுவது என்றும், பிள்ளைகள் பார்ப்பது மட்டுமே என்றும் முதல் நாளே சொல்லிவிட்டேன். புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அது இருக்கும்.

கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் பட்டையிட்ட புழு. முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள். இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகுதான் தின்னத் தொடங்கியது. ஒரு நாள் தின்பதை நிறுத்தி, இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கி வளைந்தது. மறுநாள் காலையில் தோல் போய்விட்டது. பச்சை நிறத்தில், மேலே தங்கப் புள்ளிகள் பதித்த ஓர் உறை மட்டும் தொங்கியது.

அதன் பெயரைச் சொல்லத்தான் தடுமாறினேன். பாடநூல் கூட்டுப்புழு என்கிறது. எறும்பின் காலைக் கண்டுபிடித்த அதே சிறுமி, "கூடே இல்லியே யக்கா" என்றாள். பட்டாம்பூச்சி கூடு கட்டும் என்ற பிழை நம் மொழியில் பெயராகவே உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நீயே ஒரு பெயர் சொல் என்றேன். "தொங்கட்டான்" என்றாள். அவளுடைய ஆச்சியின் காதில் அப்படி ஒன்று தொங்குகிறது.

ஆசிரியர் ஐயா, புத்தகத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

பாளை தமிழாசிரியர் எழுதியது:

கதையில் தொங்கட்டான் என்றே போடுங்கள், அம்மா. தேரிக்காட்டு நண்பர் சொன்ன முறைப்படி, பள்ளியில் இதைக் கூட்டுப்புழு என்பார்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் போதும்.

தென்காசி ஓவியர் எழுதியது:

தொங்கட்டான் இன்னும் வெடிக்கவில்லை என்றால் செடியை அசைக்காமல் வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வண்டியில் வருகிறேன். பூச்சி வெளிவந்து இறக்கை விரியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும். அந்தக் கட்டெறும்புச் சிறுமியையும் உடன் இருக்கச் சொல்லுங்கள். நான் காலை எங்கே போடுகிறேன் என்று அவள் பார்த்துக்கொள்ளட்டும்.